ஆற்றுக்கு யார் பொறுப்பு? நியூசிலாந்தில் பிராந்திய கவுன்சில் நன்னீரைக் காக்கும் முறை: முழுமையான வழிகாட்டி

கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து தெற்கே சிறிது தூரம் காரோட்டினால் கோஸ் ஃபோர்டு என்று ஓர் இடம் வரும். செல்வின் ஆற்றின் குறுக்கே போகும் தாம்போதி அது. ஒரு தலைமுறைக்கு முன்பு கோடை வந்தால் பிள்ளைகளை நீந்த அழைத்துப்போகும் இடம். இப்போது பல கோடைகளில் அங்கே போனால் 'நீந்த வேண்டாம்' என்ற பலகைதான் வரவேற்கும்.

அந்தப் பலகையை நட்டது யார்? தண்ணீரை அள்ளி ஆய்வகத்துக்கு அனுப்பியது யார்? மேலே எத்தனை போர்வெல் போடலாம், எத்தனை மாடு மேயலாம் என்று கணக்கு வைப்பது யார்? மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே விடைதான்: பிராந்திய கவுன்சில். இந்த நாட்டில் பத்து வருடம் வாழ்ந்தும் அந்தப் பெயரை வீட்டுவரி ரசீதின் ஒரு வரியாக மட்டுமே பார்த்தவர்கள் நம்மில் நிறைய. ஊருக்கு வெளியே நிலம் வாங்கி, சொந்த போர்வெல்லும் செப்டிக் டேங்குமாகக் குடிபோகும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது கூடிவருகின்றன. அவர்களுக்காகத்தான் முதலில் இதை எழுதத் தொடங்கினேன். ஆற்றங்கரையில் நடக்கப் போகிறவர்களுக்கும் பயன்படும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்துப் பண்ணையில் புதிய போர்வெல் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்ட பிறகு ஓடுவதில் பாதிப் பயன்கூட இல்லை. அந்த போருக்கான தண்ணீர் சில வருடங்களுக்கு முன்பே ஒரு திட்டப் புத்தகத்தில் பங்கு பிரிக்கப்பட்டிருக்கும். அந்தப் புத்தகம் எழுதப்படும்போது உள்ளே நுழைவது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டியின் மையம். மற்றதெல்லாம் அதைச் சுற்றி வருவது.

படி 1: எந்தக் கவுன்சில் என்று பிரித்தறியுங்கள்

நியூசிலாந்தில் உள்ளாட்சி இரண்டு அடுக்கு. குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், குப்பை, நூலகம், கட்டட அனுமதி ஆகியவை நகர அல்லது மாவட்டக் கவுன்சில் வேலை. ஆறு, ஏரி, நிலத்தடி நீர், காற்று, மண், கடலோரம், வெள்ளத்தடுப்புக் கரை, களை, தீங்கு விலங்கு ஒழிப்பு ஆகியவை பிராந்திய கவுன்சில் வேலை. பேருந்தும் அவர்கள் தலையில்தான் விழுந்திருக்கிறது. தண்ணீருக்கும் பேருந்துக்கும் என்ன சம்பந்தம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

நாட்டில் 11 பிராந்திய கவுன்சில்கள். ஆக்லாந்து, கிஸ்போர்ன், மார்ல்பரோ, நெல்சன், டாஸ்மன் ஆகிய ஐந்து இடங்களில் இரண்டு வேலையையும் ஒரே கவுன்சில் பார்க்கிறது. ஆக்லாந்துக்காரர்களுக்கு அந்தவகையில் ஒரு குழப்பம் குறைவு. கிறைஸ்ட்சர்ச் அடங்கிய கேன்டர்பரியில் இருப்பவர்களுக்கு 'என்வைரன்மென்ட் கேன்டர்பரி' என்ற பெயரில் இயங்குவதுதான் பிராந்திய கவுன்சில்.

1989 உள்ளாட்சிச் சீர்திருத்தத்தில் இவை உருவானபோது எல்லைகளைப் பெரும்பாலும் தண்ணீர் ஓடும் போக்கைப் பார்த்தே வரைந்தார்கள். மழைத்துளி மலைமுகட்டின் எந்தப் பக்கம் உருள்கிறதோ அந்தப் பக்கத்துக் கவுன்சிலுக்குச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். இதற்காக வைட்டாகி மாவட்டத்தையே இரண்டாகப் பிளந்திருக்கிறார்கள். ஒரு துண்டு கேன்டர்பரியில், மறுதுண்டு ஒடாகோவில். ஆற்றைப் பிளப்பதைவிட மாவட்டத்தைப் பிளப்பது மேல் என்று அன்று யாரோ தெளிவாக யோசித்திருக்கிறார்கள்.

ஆனால் இரண்டு அடுக்குக்கும் நடுவே ஒரு தையல் இருக்கிறது. அது பிரிந்தால் என்ன ஆகும் என்பதை 2016 ஆகஸ்டில் ஹாக்ஸ் பே பகுதியின் ஹேவ்லாக் நார்த் ஊர் காட்டியது. கனமழையில் ஆட்டுச் சாணம் ஒரு குட்டையில் சேர்ந்து, அங்கிருந்து நிலத்தடி வழியாக ஊர்க் குடிநீர்க் கிணறுகளுக்குள் போயிற்று. 14,000 பேர் வாழும் ஊரில் 5,000-க்கும் மேற்பட்டவர்கள் கேம்பிலோபாக்டர் கிருமியால் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். சில இறப்புகளோடும் அது தொடர்புபடுத்தப்பட்டது. கிணற்றை நடத்தியது மாவட்டக் கவுன்சில். நிலத்தடி நீர்தாங்கியைக் காக்க வேண்டியது பிராந்திய கவுன்சில். இரண்டுக்கும் இடையே போதிய பேச்சுவார்த்தை இல்லை என்று அரசு விசாரணை இரு தரப்பையும் கண்டித்தது. அதன் தொடர்ச்சியாகத்தான் குடிநீருக்கென்று 'தௌமாடா அரோவாய்' என்ற தனி ஒழுங்குமுறை அமைப்பு 2021-ல் பொறுப்பேற்றது. ஆக இன்று குழாய்க்குள் இருப்பது அவர்கள் கண்காணிப்பில், குழாய்க்கு வெளியே இருப்பது பிராந்திய கவுன்சில் கண்காணிப்பில்.

படி 2: உங்கள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

கவுன்சில் இணையதளத்தில் வரைபடம் இருக்கும். முகவரியைத் தட்டினால் எந்த வடிநிலம் (மழைநீர் ஓர் ஆற்றுக்கோ ஏரிக்கோ வடியும் பரப்பு), எந்த நிலத்தடி நீர் மண்டலம், பக்கத்தில் யாருக்கு என்ன அனுமதி என்பதெல்லாம் வரும். வீடு வாங்கும் முன்பே இதைச் செய்யுங்கள்.

கேன்டர்பரியில் ஆறுகள் ஒரே சாதி அல்ல. ரகாயா, வைமாகரிரி, வைட்டாகி போன்றவை தெற்கு ஆல்ப்ஸ் மலையின் பனியும் மழையும் கொண்டு வருபவை. சரளைப் படுகையில் பல கிளையாகப் பிரிந்து, சடை பின்னியதுபோல ஓடும். செல்வின் அப்படியல்ல. அடிவாரத்தில் பிறந்து, சமவெளியின் நடுவே சரளைக்குள் இறங்கி மறைந்து, கீழே ஊற்றாக மறுபடி எழும். வருடத்தில் பல மாதம் நடு ஆறு வெறும் கல். கோஸ் ஃபோர்டில் நீங்கள் பார்க்கும் நீர் பெரும்பாலும் மண்ணுக்கடியில் வந்த நீர். அதனால் மேலே சமவெளியில் எவ்வளவு இறைக்கிறார்களோ அவ்வளவு இங்கே குறையும், மேலே மண்ணில் எது இறங்குகிறதோ அது இங்கே வெளிவரும். இந்த ஆறு போய்ச் சேரும் தே வைஹோரா ஏரிக்கு இயல்பான நிரந்தர வாய்க்கால் கிடையாது. நீர்மட்டம் ஏறியதும் கடலோரச் சரளைத் திட்டை இயந்திரம் வைத்து வெட்டிவிடுகிறார்கள். ஏரிப்படுகை, மாவோரிகளின் பழைய நிலக்கோரிக்கையைத் தீர்த்த 1998 சட்டத்தின் மூலம் ஙாய் தாஹு என்ற மாவோரிக் குழுவிடம் திரும்பிவிட்டது. வெட்டும் முடிவை அவர்களும் கவுன்சிலும் சேர்ந்தே எடுக்கிறார்கள்.

படி 3: எண்களைப் படிக்கப் பழகுங்கள்

'லாவா' என்ற பொதுத் தளத்தில் நாடெங்கும் கண்காணிக்கப்படும் ஆறு, ஏரிகளின் அளவீடுகள் கிடைக்கும். பெரும்பாலான இடங்களில் மாதம் ஒருமுறை மாதிரி எடுக்கிறார்கள். நீந்தும் இடங்களில் கோடையில் வாரம் ஒருமுறை. எல்லா எண்ணையும் புரிந்துகொள்ளத் தேவையில்லை. நான்கு போதும்.

இ-கோலை: 100 மி.லி. நீரில் 260-க்குள் இருந்தால் பச்சை, 540-ஐத் தாண்டினால் சிவப்பு. சாணமோ மலமோ கலந்ததன் அடையாளம் இது. கனமழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் எந்த ஆற்றிலும் இறங்காதீர்கள், தளத்தில் பச்சை காட்டினாலும். அந்தப் பச்சை மழைக்கு முந்தைய வாரத்துப் பச்சையாக இருக்கலாம்.

நச்சுப்பாசி: எண்ணைவிடக் கண்ணும் மூக்கும் முக்கியம். கல்லில் கறுப்பு அல்லது கரும்பழுப்பு நிறத்தில் வழவழவென்று படர்ந்து, உரிந்து கரையில் ஒதுங்கிக் காயும். மண்வாசனை போன்ற ஒரு வாடை. அந்த வாடைக்கு நாய்கள் இழுபட்டுப் போய்த் தின்றுவிடும். செத்த நாய்கள் உண்டு. நாய் வளர்ப்பவர்கள் இதற்காகவே கவுன்சிலின் எச்சரிக்கைப் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

பூச்சிக் குறியீடு: ஆற்றுக் கல்லின் அடியில் எந்தெந்தப் பூச்சிகளின் இளம்புழுக்கள் இருக்கின்றன என்று எண்ணிக் கொடுக்கும் மதிப்பெண். 130-க்கு மேல் என்றால் மிகச் சுத்தம், 90-க்குக் கீழே போனால் தேசிய அடிமட்டத்துக்கும் கீழ். ஒருநாள் மாதிரி பொய் சொல்லலாம், பூச்சி சொல்லாது. அது மாதக்கணக்கில் அங்கேயே வாழ்ந்திருக்கிறது.

நைட்ரேட்: சொந்த போர் உள்ளவர்கள் இங்கே நின்று படிக்க வேண்டும். மாட்டு மூத்திரம் விழுந்த ஒரு திட்டில் எக்டேருக்குப் பல நூறு கிலோ கணக்கில் நைட்ரஜன் குவிகிறது. புல் அவ்வளவையும் உறிஞ்ச முடியாது. மீதி மழையோடும் பாசனத்தோடும் சரளைக்குள் இறங்கி நிலத்தடி நீரில் கலக்கிறது. நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கொதிக்கவைத்தால் போகாது, நீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றம் குறைந்து உடல் நீலம் பாயும் ஆபத்து உண்டு. கர்ப்பிணிகளும் கவனமாக இருக்க வேண்டும்.

குடிநீர் வரம்பு லிட்டருக்கு 11.3 மி.கி., நைட்ரேட்-நைட்ரஜன் என்ற கணக்கில். இதே வரம்பை 'நைட்ரேட்' என்ற கணக்கில் சொன்னால் 50. ஆய்வகத் தாளில் எந்தக் கணக்கு என்று பார்க்காமல் போனால் ஒன்று அநாவசியமாகப் பயப்படுவோம் அல்லது பயப்பட வேண்டிய இடத்தில் நிம்மதியாகத் தூங்குவோம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் தாளில் 36 என்று பார்த்து இரவோடு இரவாகக் கேன் தண்ணீர் வாங்கியது. 36-ஐ 4.43-ஆல் வகுத்தால் 8.1. வரம்புக்குள்தான், ஆனால் கைக்குழந்தை வரப்போகிற வீடு என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதிக்கச் சொன்னேன். ஒரே ஒரு வீட்டுக்கு நீர் தரும் சொந்த போரைச் சோதிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. யாரும் வந்து கதவைத் தட்டமாட்டார்கள்.

இன்னொன்று. 11.3 என்பது மனிதர் குடிக்கும் நீருக்கான வரம்பு. ஆற்று உயிர்களுக்கு நைட்ரேட் நஞ்சாகும் அளவுக்கு நன்னீருக்கான மத்திய அரசின் 2020 தேசியக் கொள்கை வைத்த அடிமட்டம், ஆண்டின் இடைநிலை அளவாக 2.4. மனிதருக்கான வரம்பில் ஐந்தில் ஒரு பங்குதான். 'குடிக்கவே லாயக்கான தண்ணீர், ஆற்றுக்கு என்ன கேடு' என்று யாராவது கூட்டத்தில் பேசினால் இந்த இரண்டு எண்ணையும் நினைவில் வையுங்கள்.

படி 4: திட்டப் புத்தகத்தைப் பிடியுங்கள்

1991-ல் வந்த வள மேலாண்மைச் சட்டம்தான் எல்லாவற்றுக்கும் தாய். அதன் அடிப்படை தலைகீழானது. நிலத்தில் ஒன்றைச் செய்ய விதி தடுத்தால் ஒழியச் செய்யலாம். தண்ணீரில் அப்படியில்லை. ஒரு விதியோ அனுமதியோ இடம் கொடுத்தால் ஒழிய எடுக்கவும் கூடாது, எதையும் கலக்கவும் கூடாது. தீயணைக்க விலக்கு உண்டு. வீட்டுத் தேவைக்கு நியாயமான அளவு, கால்நடைகள் குடிக்க ஆகியவற்றுக்கும் விலக்கு, ஆனால் சூழலுக்குக் கேடு வராதவரைதான்.

அந்த 'விதி' இருக்கும் இடம் பிராந்தியத் திட்டம். மேலே மத்திய அரசின் தேசியக் கொள்கை அறிக்கை, அதன் கீழே பிராந்தியக் கொள்கை அறிக்கை, அதன் கீழே பிராந்தியத் திட்டம், கடைசியில் தனித்தனி அனுமதி. மேல்படி சொன்னதைக் கீழ்படி மீற முடியாது. கேன்டர்பரியில் நிலமும் நீரும் பற்றிய திட்டம் 2012-ல் அறிவிக்கப்பட்டது. தடித்த புத்தகம். முழுதும் படிக்காதீர்கள். உங்கள் வடிநிலத்தின் உட்பகுதியைத் திறந்து, இரண்டு அட்டவணைகளைத் தேடுங்கள்.

முதல் அட்டவணை, நீர் எவ்வளவு. ஒவ்வோர் ஆற்றுக்கும் ஒரு குறைந்தபட்ச ஓட்டம் குறிக்கப்பட்டிருக்கும். ஓட்டம் அதற்குக் கீழே இறங்கினால் பாசனக்காரர்கள் இறைப்பதைக் குறைக்க வேண்டும், பிறகு நிறுத்த வேண்டும். அதற்கு மேலே உள்ள நீரில் மொத்தம் எவ்வளவு பங்கு கொடுக்கலாம் என்ற ஒதுக்கீட்டு வரம்பும் இருக்கும். அந்த வரம்பு நிரம்பிவிட்ட வடிநிலத்தில் நிலம் வாங்கிவிட்டு 'பாசனத்துக்கு நீர் கேட்டுப் பார்ப்போம்' என்று கனவு காணாதீர்கள்.

இரண்டாவது அட்டவணை, அழுக்கு எவ்வளவு. இங்கேதான் சண்டையெல்லாம். நீரை எடுப்பவரைக் குழாயில் மீட்டர் வைத்துப் பிடிக்கலாம். நைட்ரஜன் ஆயிரம் வயல்களிலிருந்து மண்ணுக்கடியில் கசிந்து வருவது, குழாய் கிடையாது. அதைக் கணினி மாதிரியால்தான் மதிப்பிட வேண்டும். அதற்காக எல்லோரும் நம்பியிருந்த 'ஓவர்சீர்' மென்பொருளின் அறிவியல் அடிப்படை போதாது என்று 2021-ல் வந்த ஆய்வுக்குழு சொல்லிவிட்டது. தராசே சரியில்லை என்றபின் எடை பேசுவது எப்படி என்ற சங்கடம் இன்றும் தீரவில்லை.

ஆனால் திட்டம் நினைத்தால் என்ன செய்யும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் வட தீவின் தௌபோ ஏரி. 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த, நீலம் குறையாத ஏரி. நைட்ரஜன் பற்றாக்குறைதான் அந்த நீலத்தின் ரகசியம். சுற்றிலும் மேய்ச்சல் பெருகப் பெருக அந்தப் பற்றாக்குறை தீர்ந்துவந்தது. வைகாட்டோ பிராந்திய கவுன்சில் திட்டத்தில் ஒரு மாற்றம் கொண்டுவந்தது. ஒவ்வொரு பண்ணைக்கும் 2001 முதல் 2005 வரையான ஆண்டுகளின் கணக்கை வைத்து நைட்ரஜன் உரிமை நிர்ணயம், அதற்குமேல் கூடாது. உரிமையைப் பண்ணைக்காரர்கள் தங்களுக்குள் விற்கலாம், வாங்கலாம். மனிதச் செயலால் ஏரியில் சேரும் நைட்ரஜனில் 20 சதவீதம் நிரந்தரமாகக் குறைய வேண்டும். அந்த 20 சதவீதத்தைப் பண்ணைக்காரர் தலையில் மட்டும் கட்டவில்லை. மத்திய அரசும் பிராந்தியமும் மாவட்டமும் சேர்ந்து சுமார் 8 கோடி டாலர் போட்டு ஓர் அறக்கட்டளை அமைத்து, உரிமைகளை விலைகொடுத்து வாங்கி அழித்தார்கள். சில மேய்ச்சல் நிலங்கள் பைன் காடாயின. 2015-லேயே சுமார் 170 டன் இலக்கை எட்டிவிட்டார்கள்.

அதற்காக ஏரி மறுநாளே தெளிந்துவிடவில்லை. நிலத்தடி நீர் ஏரியை அடையப் பல பத்தாண்டுகள் ஆகிறது. தாத்தா காலத்துக் காடழிப்பின் நைட்ரஜன் இன்னும் வழியில் வந்துகொண்டிருக்கிறது. வெள்ளம் வருமுன் அணைபோடு என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்தக் கவுன்சிலுக்குச் சரியாகப் பொருந்துகிறது.

கேன்டர்பரி அவ்வளவு அதிர்ஷ்டசாலி இல்லை. செல்வின், தே வைஹோரா வடிநிலத்தில் பால்பண்ணைகள் நல்ல நடைமுறை அளவிலிருந்து மேலும் 30 சதவீதம் நைட்ரஜன் இழப்பைக் குறைக்க வேண்டும் என்று திட்டமாற்றம் சொன்னது, 2022 முதல். ஆனால் தொடங்கிய இடமே மோசம், பண்ணைகளின் எண்ணிக்கையும் வேறு. 2025 செப்டம்பரில் கவுன்சில், ஆதரவு 9, எதிர்ப்பு 7 என்ற வாக்கில் 'நைட்ரேட் அவசரநிலை' என்று அறிவித்தது. அந்த அறிவிப்புக்குத் தனியாகச் சட்ட பலம் எதுவும் இல்லை. அரசியல் என்றார்கள் சிலர், காலம் கடந்த நேர்மை என்றார்கள் சிலர். எனக்கு இரண்டுமே சரியென்றுதான் படுகிறது.

திட்டம் எழுதும்போது நுழைவது

வரைவுத் திட்டத்தை அறிவித்ததும் குறைந்தது 40 வேலை நாள் கருத்துமனுவுக்கு உண்டு. யார் வேண்டுமானாலும் எழுதலாம், குடியுரிமை தேவையில்லை, வக்கீலும் தேவையில்லை. கவுன்சில் தரும் படிவத்தில் மூன்று விஷயம் தெளிவாக இருந்தால் போதும்: எந்த விதி எண், ஆதரவா எதிர்ப்பா, அதற்குப் பதில் என்ன வாசகம் வேண்டும். மூன்றாவதைத்தான் நம்மவர்கள் விட்டுவிடுகிறார்கள். 'தண்ணீர் உயிர்நாடி, காப்பாற்றுங்கள்' என்று இரண்டு பக்கம் எழுதினால் நன்றி சொல்லிக் கோப்பில் வைப்பார்கள். 'இந்த அட்டவணையில் இந்த ஊற்றோடையின் குறைந்தபட்ச ஓட்டத்தை இவ்வளவாக உயர்த்துங்கள், காரணம் இது' என்று நான்கு வரி எழுதினால் விசாரணைக்குழு அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

பிறகு எல்லா மனுக்களின் சுருக்கம் வெளிவரும். அதன்மீது மறுமனுவுக்கு 10 வேலை நாள். அடுத்து நேரடி விசாரணை, தீர்ப்பு. பிடிக்காவிட்டால், வழக்கமான நடைமுறையில் 30 வேலை நாளுக்குள் சுற்றுச்சூழல் நீதிமன்றம். 2020-ல் நன்னீர்த் திட்டங்களுக்கென்று வந்த தனி நடைமுறையில் இந்த மேல்முறையீட்டு வாய்ப்பு குறுகியது. முதலில் மனுப் போட்டவர்தான் மேல்முறையீடு செய்ய முடியும் என்பதை மறக்க வேண்டாம். நான்கு வரி மனுகூட அந்தக் கதவைத் திறந்துவைக்கும்.

ஓர் எச்சரிக்கை. இந்தச் சட்டமே இப்போது ஆட்டம் காண்கிறது. 2020 கொள்கையில் 'தே மானா ஓ தே வாய்' என்ற மாவோரிக் கருத்து நடுவில் இருந்தது. முதலில் நீர்நிலையின் நலம், அடுத்து மக்களின் குடிநீர் போன்ற உடல்நலத் தேவை, அதன் பிறகே தொழிலும் மற்றதும் என்ற வரிசை. 2024 அக்டோபரில் வந்த திருத்தம், தனி அனுமதிகளைத் தீர்மானிக்கும்போது அந்த வரிசையைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்றது. 2025-ல் புதிய திட்டங்கள் எழுதுவதையே பெரும்பாலும் நிறுத்திவைத்தார்கள். அந்த டிசம்பரில், 1991 சட்டத்துக்குப் பதிலாக இரண்டு மசோதாக்கள் நாடாளுமன்றத்துக்கு வந்தன. ஆகவே நான் சொல்லும் நாள் கணக்குகளை நம்பி மனு எழுத உட்காரும் முன், அன்றைய நிலையைக் கவுன்சிலில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். புதிய முறையில் எண்கள் மாறலாம். பங்கு பிரிப்பது முதலில், அனுமதி பிறகு என்ற வரிசை மாறுவதாகத் தெரியவில்லை.

படி 5: உங்களுக்கே அனுமதி தேவைப்பட்டால்

திட்டம் ஒவ்வொரு செயலையும் ஆறு வகையில் ஒன்றில் போடும். அனுமதியே வேண்டாத வகையில் தொடங்கி, விண்ணப்பிக்கவே முடியாத தடை வகை வரை. போர் தோண்டுவது, நீர் எடுப்பது, செப்டிக் டேங்க் கழிவை மண்ணில் விடுவது, ஓடையில் குழாய்ப்பாலம் போடுவது என ஒவ்வொன்றும் தனித்தனிக் கேள்வி. போர் தோண்ட அனுமதி கிடைத்தால் நீர் எடுக்கவும் கிடைத்ததாக அர்த்தமில்லை.

விண்ணப்பிக்கும் முன் கவுன்சில் அலுவலரிடம் பேசுங்கள். அரை மணி நேரப் பேச்சு பல நூறு டாலரை மிச்சப்படுத்தும், ஏனெனில் பரிசீலனைக்கு ஆகும் மணிக்கணக்குக் கட்டணம் உங்கள் தலையில்தான். குறை இருந்தால் விண்ணப்பத்தை 10 வேலை நாளுக்குள் திருப்பி அனுப்பிவிடலாம். எளிய விண்ணப்பத்துக்கு 20 வேலை நாளில் பதில். நடுவில் கூடுதல் விவரம் கேட்டால் கடிகாரம் நிற்கும். அவர்கள் தாமதித்தால் கட்டணத்தில் நாளுக்கு 1 சதவீதம் வீதம் 50 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு. இதை யாரும் உரக்கச் சொல்வதில்லை.

நீர் எடுக்கும் அனுமதியின் ஆயுள் அதிகபட்சம் 35 வருடம். நொடிக்கு 5 லிட்டர் அல்லது அதற்கு மேல் எடுத்தால் மீட்டர் கட்டாயம். பழைய அனுமதி முடிய ஆறு மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை பழையதே ஓடும். ஒரு நாள் தவறினாலும் அந்தப் பாதுகாப்பு உறுதியில்லை. நிலம் வாங்குபவர்கள் நீர் அனுமதி தங்கள் பெயருக்கு மாறியதைக் கவுன்சிலுக்கு எழுத்தில் தெரிவித்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நிரம்பாத வடிநிலத்தில் இருவர் ஒரே நீரைக் கேட்டால்? யார் பயன்பாடு நல்லது என்று ஒப்பிடுவதில்லை. முழுமையான விண்ணப்பத்தை முதலில் கொடுத்தவருக்கே முன்னுரிமை என்று நீதிமன்றங்கள் நிலைநாட்டியிருக்கின்றன. பந்தியில் முந்துபவருக்கு இலை. இந்த அமைப்பிலேயே எனக்குக் கொஞ்சமும் ஒப்பாத பகுதி இதுதான்.

பக்கத்து நிலத்துக்காரர் விண்ணப்பித்து, அது பொதுவில் அறிவிக்கப்பட்டால் உங்களுக்கு 20 வேலை நாள். ஆனால் பெரும்பாலான விண்ணப்பங்கள் அறிவிக்கப்படுவதே இல்லை. படி 4-ஐ நான் ஏன் அவ்வளவு இழுத்தேன் என்பது இப்போது புரிந்திருக்கும்.

படி 6: நம் வீட்டுப் பழக்கங்கள்

நகரத்தில் தெருவோரச் சல்லடை மூடி வழியாகப் போகும் நீர் பெரும்பாலும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை, நேராக ஓடைக்குப் போகிறது. காரைப் புல்தரையில் நிறுத்திக் கழுவுங்கள். வர்ணத் தூரிகை கழுவிய நீர், பொரித்த எண்ணெய் எதையும் அங்கே ஊற்றாதீர்கள்.

விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையாரை ஆற்றில் கரைப்பதும் சட்டத்தின் பார்வையில் நீரில் ஒரு பொருளைச் சேர்ப்பதுதான். பொது நிகழ்ச்சியாக நடத்துவதானால் முன்கூட்டியே கவுன்சிலில் கேளுங்கள். வர்ணம் பூசாத சிறு களிமண் பிள்ளையார் என்றால் வாளியில் கரைத்து முருங்கைக்கோ ரோஜாவுக்கோ ஊற்றிவிடலாம். முருங்கை இந்தக் குளிரில் பிழைத்திருந்தால்.

அஸ்தி கரைப்பது இன்னும் நுட்பமானது. நமக்கு ஓடும் நீரில் கரைத்தால்தான் மனம் ஆறும். மாவோரி மரபில் இறந்தோரின் எச்சம் உணவு எடுக்கும் நீரில் சேர்வது பெரும் புண்படுத்தல். விலாங்கும் மீனும் பிடிக்கும் அந்த நீர்நிலைகள் அவர்களுக்குச் சமையலறையும் கோயிலும் சேர்ந்த இடம். சில கவுன்சில்கள் இதற்கெனத் தனி இடம் காட்டுகின்றன. ஈமச்சடங்கு ஏற்பாட்டாளரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள், துக்கத்தின் நடுவே தேடவேண்டாம்.

படி 7: பணமும் வாக்கும்

மூன்று வருடத்துக்கு ஒருமுறை 10 வருடத்துக்கான நீண்டகாலத் திட்டம் வரும். எந்த ஆற்றுக் கரையை உயர்த்துவது, எத்தனை கண்காணிப்பு இடங்கள், வரி எவ்வளவு ஏறும் என்பதெல்லாம் அதில். கருத்துச் சொல்லக் குறைந்தது ஒரு மாதம் உண்டு. உறுப்பினர் தேர்தலும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை. வசிப்புரிமை விசா வைத்திருந்து, நாட்டில் தொடர்ந்து ஒரு வருடம் வாழ்ந்திருந்தால் குடியுரிமை இல்லாமலும் வாக்குண்டு. பிராந்திய உறுப்பினர் பதவிகளையே நீக்கி, மேயர்கள் குழுவிடம் பொறுப்பைக் கொடுக்கும் யோசனையை 2025 நவம்பரில் அரசு முன்வைத்தது. எனவே அடுத்த வாக்குச்சீட்டில் இந்தப் பெயர்கள் இருக்குமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படி 8: அழுக்கைக் கண்ணால் பார்த்தால்

ஓடை திடீரென்று பாலாக வெளுத்திருக்கிறது, மீன் செத்து மிதக்கிறது, சாணக் குழம்பு வாய்க்காலில் வழிகிறது என்றால் மறுநாள் மின்னஞ்சல் எழுதலாம் என்று இருக்காதீர்கள். ஓடும் நீரில் தடயம் நிற்காது. பிராந்திய கவுன்சில்களுக்கு 24 மணிநேர மாசுப் புகார் எண் உண்டு, கைப்பேசியில் இப்போதே சேமித்துவையுங்கள். இடம், நேரம், நிறம், வாடை, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்லுங்கள். ஒன்று அருகிலிருந்தும் ஒன்று சுற்றுப்புறம் தெரியவும் படம் எடுங்கள். தனியார் நிலத்துக்குள் வேலி தாண்டாதீர்கள், நீரைத் தொடாதீர்கள். பெயர் வெளியே வரக்கூடாது என்றால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள்.

அலுவலர் வந்து பார்த்து, எச்சரிக்கைக் கடிதம், நிறுத்து என்னும் தடுப்பாணை, உடனடி அபராதம், வழக்கு என்று படிப்படியாகப் போவார். 2025 திருத்தம் நீதிமன்றத் தண்டனையின் உச்சத்தை தனிநபருக்கு 10 லட்சம் டாலராகவும் நிறுவனத்துக்கு 1 கோடி டாலராகவும் உயர்த்தியிருக்கிறது. ஆனால் பெரும்பாலான புகார்கள் கடிதத்தோடு முடிகின்றன.

அழைத்ததும் சம்பவ எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மாதமாகியும் சேதி இல்லையென்றால், 1987-ன் உள்ளாட்சி அதிகாரபூர்வத் தகவல் சட்டத்தைக் குறிப்பிட்டு, அந்த எண்ணின் கீழ் என்ன கண்டார்கள், என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று ஒரு மின்னஞ்சல் போடுங்கள். நம் ஊர்த் தகவல் உரிமைச் சட்டத்துக்கு 30 நாள், இங்கே 20 வேலை நாள். கையெழுத்து, முத்திரை, கட்டண வில்லை எதுவும் வேண்டாம், கேள்வி மட்டும் தெளிவாக இருந்தால் போதும்.